வாடகைக்கு எடுத்து இடுப்பில் கட்டுங்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காட்டுப் பாதையில் நடக்கப்போகும் ஒவ்வொருவரும், பாய்ந்து வரும் கரடியை விரட்டும் கரடி ஸ்ப்ரே வைத்திருக்க வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் வற்புறுத்துகிறது. ஆனால் அந்த டப்பாவை விமானத்தில் கொண்டுபோக முடியாது. கைப்பையில் மட்டுமல்ல, செக்-இன் செய்யும் பெட்டியிலும் அதற்கு இடமில்லை. போய் இறங்கிய ஊரில் வாங்க வேண்டும், திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு டப்பாவின் விலை சுமார் நாற்பது, ஐம்பது டாலர். மூன்று நாள் சுற்றிப் பார்க்க வந்த குடும்பம், பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று வாங்கி, ஒருமுறைகூட அழுத்தாமல் போட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால் யாருக்கும் மனம் தயங்கத்தான் செய்யும்.

அந்தத் தயக்கத்தின் அளவு கணக்கில் தெரிகிறது. யெல்லோஸ்டோனில் எத்தனை பேர் ஸ்ப்ரே எடுத்துச் செல்கிறார்கள் என்று பூங்காவின் ஆய்வாளர்களே பார்த்தார்கள். கூடாரம் போட்டுக் காட்டில் தங்குபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பும் நடையாளர்களில் 14 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. மீதிப் பேர் வெறுங்கையோடு கிரிஸ்லி கரடிகளின் காட்டுக்குள் நடந்தார்கள்.

இந்த இடைவெளியை அடைக்க எளிய வழி வாடகை. பூங்காவின் நடுவில் இருக்கும் கேன்யன் வில்லேஜில் டப்பாவை நாள் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். அமெரிக்காவின் இன்னொரு தேசியப் பூங்காவான கிளேசியரை ஒட்டியும், கனடாவின் பான்ஃப் நகரிலும் இந்த வசதி உண்டு. இருந்தும் இது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடாகவே இருக்கிறது. நுழைவுச்சீட்டு கொடுக்கும் வாசலிலேயே டப்பாவும் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் ‘எடுத்துச் செல்லுங்கள்’ என்று பலகை மட்டும் வைத்தால் பொறுப்பில் பாதிதான் நிறைவேறியிருக்கிறது.

ஆபத்தே மிகக் குறைவு, இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1872இல் பூங்கா தொடங்கியதிலிருந்து கரடியால் அங்கே உயிரிழந்தவர்கள் எட்டுப் பேர். நீரில் மூழ்கி இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். 1979 முதல் உள்ள கணக்கின்படி, 27 லட்சம் வருகைக்கு ஒருவர்தான் கிரிஸ்லியால் காயப்பட்டிருக்கிறார். ஆனால் இந்தச் சராசரிக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. சாலையோரத்திலும் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிய பலகை நடைபாதையிலும் நிற்பவருக்கு ஆபத்து ஏறக்குறைய ஆறு கோடியில் ஒன்று. பாதையில் இறங்கிக் காட்டுக்குள் நடப்பவருக்கோ, ஒருவர் நடக்கும் ஒரு நாளை ஓர் அலகாக வைத்தால், சுமார் 2,30,000க்கு ஒன்று. சிறிய எண்தான் என்றாலும் முன்னதைவிட இருநூறு மடங்குக்கு மேல். காரை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்தவுடனே கணக்கு மாறிவிடுகிறது என்பதை வருகிறவர்களிடம் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

டப்பாவுக்குள் இருப்பது மிளகாயின் காரம். கேப்சைசினும் அதன் உறவுப் பொருள்களும் ஒன்று முதல் இரண்டு சதவீதம். மீதி, அதைப் பீய்ச்சியடிக்கும் எண்ணெயும் வாயுவும். 1980களின் தொடக்கத்தில் மொன்டானா பல்கலைக்கழகத்தில் கேரி ஹன்ட் என்ற ஆய்வு மாணவி, கரடியை விரட்ட எது உதவும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். அதில் மிளகாய்ச் சாறு தேறியது. கண்ணும் மூக்கும் தொண்டையும் சில நிமிடங்கள் எரிந்து வீங்கும், மூச்சு திணறும். நிரந்தரக் காயம் எதுவும் இல்லாமல் கரடி விலகிவிடும். மனிதர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கும் சின்ன பெப்பர் ஸ்ப்ரே இதற்கு உதவாது. கரடி ஸ்ப்ரே குறைந்தது 25 அடி தூரம் பாய வேண்டும், தொடர்ந்து ஆறு விநாடியாவது வர வேண்டும் என்பது பரிந்துரை.

இது வேலை செய்கிறதா? அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்ப்ரே பயன்பட்ட 83 நிகழ்வுகளை டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் தொகுத்து 2008இல் வெளியிட்டார்கள். கிரிஸ்லியை உள்ளடக்கிய பழுப்புக் கரடிகளில் 92 சதவீதமும் கருங்கரடிகளில் 90 சதவீதமும் தாங்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்தின. ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பினார்கள். காயப்பட்ட மூவருக்கும் சிறு காயம்தான். அதே குழு 2012இல் துப்பாக்கியையும் ஆராய்ந்தது. பாய்ந்து வரும் கரடியைக் குறிபார்த்துச் சுடுவது எளிதல்ல. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயப்படும் வாய்ப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கி மீதுள்ள நம்பிக்கையை நினைத்தால், இந்த முடிவு இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டும்.

ஸ்ப்ரே எல்லா நேரமும் காப்பாற்றும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2023 செப்டம்பரில் பான்ஃப் பூங்காவின் உட்பகுதியில் முகாமிட்டிருந்த அனுபவமிக்க ஓர் இணையரும் அவர்களது நாயும் கிரிஸ்லி தாக்கி இறந்தார்கள். உணவை முறைப்படி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்ப்ரேயும் வைத்திருந்தார்கள், ஒரு டப்பா முழுவதும் காலியாகிக் கிடந்தது. இந்தச் செய்தியை மறைத்துவிட்டு ஸ்ப்ரேயைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. நூற்றில் தொண்ணூறு என்றால் மீதிப் பத்தும் இருக்கிறது என்றுதான் பொருள்.

அந்தத் தொண்ணூறுக்குள் வர, டப்பா இருக்கும் இடம் முக்கியம். கிரிஸ்லி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது ஒரு விநாடிக்குப் பதினைந்து மீட்டருக்கு மேல். பாய்ந்து வரும் கரடி 9 முதல் 18 மீட்டர் தொலைவில் இருக்கும்போது அழுத்தத் தொடங்க வேண்டும் என்பது அறிவுரை. முதுகுப் பையின் ஜிப்பைத் திறந்து, தண்ணீர் பாட்டிலுக்கும் மழைக்கோட்டுக்கும் அடியில் துழாவி எடுக்க அந்த ஒரு விநாடி போதாது. இடுப்புப் பெல்ட்டிலோ மார்புப் பட்டையிலோ உறையில் தொங்க வேண்டும். பூட்டுக் கிளிப்பைக் கட்டைவிரலால் தள்ளி எடுக்கப் பார்க்காமலே வர வேண்டும். கரடியின் முகத்துக்கு நேரே குறிவைக்க வேண்டியதில்லை. சற்றுத் தாழ்த்தி, காற்றின் திசையைப் பார்த்து, இருவருக்கும் நடுவே ஒரு காரமேகத்தை எழுப்ப வேண்டும். அதற்குள் கரடியே ஓடிவந்து நுழையும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையால் செய்து பழகுவது வேறு. காரம் இல்லாத பயிற்சி டப்பாக்கள் இருக்கின்றன. வாடகைக்குக் கொடுப்பவர் எதிரே நிற்கிறார். அங்கேயே நான்கு முறை உறையிலிருந்து உருவிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், காலாவதித் தேதியைச் சரிபார்க்கலாம். சூப்பர் மார்க்கெட் அலமாரியிலிருந்து எடுத்துப் பில் போடும்போது இந்தப் பாடம் கிடைப்பதில்லை. வாடகையை ஆதரிக்க விலையைவிடப் பெரிய காரணம் இதுதான். திரும்பப் பெறும் ஆள் இருப்பதால், அழுத்தம் நிறைந்த டப்பாக்கள் குப்பைத் தொட்டிக்கும் போவதில்லை. விட்டுச்செல்லும் டப்பாக்கள் யெல்லோஸ்டோனில் எவ்வளவு பெரிய தொல்லையாக இருந்தன என்றால், அவற்றைக் காலிசெய்து நசுக்குவதற்கென்றே மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் ஓர் இயந்திரத்தை வடிவமைக்க வேண்டியிருந்தது.

தவறான பழக்கங்களும் உண்டு. சிலர் இதைக் கொசு மருந்து மாதிரி நினைத்துக் கூடாரத்தின் மீதும் பையின் மீதும் அடித்துவிடுகிறார்கள். தரையில் படிந்த மிளகாய்ப் படிவின் மணத்துக்குக் கரடிகள் நெருங்கிவந்து புரண்டதை டாம் ஸ்மித்தே அலாஸ்காவில் கண்டு 1998இல் எழுதினார். காற்றில் மிதக்கும்போது விரட்டும் அதே பொருள், காய்ந்து படிந்த பின் ஈர்க்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் டப்பா வெடிக்கலாம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் ஸ்ப்ரேக்கே அனுமதி இல்லை. அங்கே இருப்பவை கருங்கரடிகள் மட்டும். உணவை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதே அங்குள்ள சட்டம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் தமிழகப் பெற்றோர் பலரின் பயணத் திட்டத்தில் யெல்லோஸ்டோனும் இடம்பெறுகிறது. கரடி என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவது, ஒரு நண்பன் மரத்தில் ஏறிக்கொள்ள, இன்னொருவன் மூச்சை அடக்கிப் படுத்துக்கொண்ட அந்தப் பள்ளிக்கூடக் கதை. அந்தக் கதையைக் காட்டில் பின்பற்றக் கூடாது. கருங்கரடி மரம் ஏறுவதில் கெட்டிக்காரக் கரடி. அது தாக்கினால் படுத்துக்கிடக்காமல் கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும். கிரிஸ்லி தற்காப்புக்காகத் தாக்கும்போது செத்ததுபோல் கிடப்பது சரிதான். ஆனால் அது உடலைத் தொட்ட பிறகுதான். குப்புறப் படுத்து, பிடரியைக் கைகளால் மூடி, முதுகுப் பையைக் கழற்றாமல். அதற்கு முந்தைய கட்டத்தில் செய்ய வேண்டியது, ஓடாமல் நிற்பதும் ஸ்ப்ரேயைக் கையில் எடுப்பதும். ஓடுவது துரத்தலைத் தூண்டும்.

ஸ்ப்ரே கடைசிக் கட்டத்துக்கு உரியது. அந்தக் கட்டம் வராமல் பார்ப்பதில்தான் பெரும்பகுதிப் பாதுகாப்பு இருக்கிறது. 1970 முதல் யெல்லோஸ்டோனில் கரடியால் காயப்பட்டவர்களில் 91 சதவீதம் பேர் தனியாகவோ ஒரே ஒரு துணையோடோ நடந்தவர்கள். மூன்று பேராகவோ அதற்கு மேலோ சேர்ந்து, வளைவுகளிலும் ஓடைக் கரைகளிலும் சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்தாலே கரடி முன்கூட்டி விலகிவிடுகிறது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு இது சாதகம். கண்ணில் பட்ட கரடியிடமிருந்து 100 கெஜம், அதாவது 91 மீட்டர், விலகி நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. படம் எடுப்பதற்காக அதை மீறுபவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்க முடிகிறது.

கரடிகளின் உயிரும் இந்தப் பாதுகாப்பில் அடங்கியிருக்கிறது. 1967 ஆகஸ்ட் 13 அதிகாலை, கிளேசியர் பூங்காவில் மைல்கணக்கில் தள்ளியிருந்த இரண்டு இடங்களில், ஒரே இரவில், 19 வயதுப் பெண்கள் இருவரை இரண்டு கிரிஸ்லிகள் கொன்றன. மனிதர் கொட்டிய எச்சில் உணவுக்குப் பழகிய கரடிகள் அந்தப் பகுதிகளில் உலவின. பிறகு கரடிகள் சுட்டுக் கொல்லப்பட்டன. யெல்லோஸ்டோனும் தன் கடைசிக் குப்பைக் கிடங்கை 1970இல் மூடியது. 1975இல் அமெரிக்கச் சட்டம் பாதுகாப்பளித்தபோது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் 136 என்று மதிப்பிடப்பட்ட கிரிஸ்லிகள் இன்று ஏறக்குறைய ஆயிரம். அவற்றில் பல இன்றும் வேட்டைக்காரர்கள் தற்காப்புக்காகச் சுடுவதால் இறக்கின்றன. குண்டுக்குப் பதில் மிளகாய் பட்டிருந்தால் கரடியும் பிழைத்திருக்கும், மனிதரும் பிழைத்திருப்பார். பக்கத்து கிராண்ட் டீட்டன் பூங்காவில் எல்க் மான் வேட்டைக்கு வருபவர்கள் ஸ்ப்ரே வைத்திருப்பது கட்டாயமாக்கப்பட்டதற்கு இந்த அனுபவமே பின்னணி.

சுற்றுலாப் பயணிகளுக்கும் கட்டாயம் விதித்த முன்மாதிரி இருக்கிறது. பான்ஃபின் மின்னவாங்கா ஏரிப் பாதையில் கரடிகள் அதிகம் உலவும் கோடை மாதங்களில் நான்கு பேராகச் சேர்ந்துதான் போக முடியும். எட்டும் இடத்தில் ஸ்ப்ரே இருக்க வேண்டும். யெல்லோஸ்டோனுக்கு 2021இல் 48 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அத்தனை பேருக்கும் கட்டாயம் தேவையில்லை. பலர் பலகை நடைபாதையைத் தாண்டுவதே இல்லை. கிரிஸ்லி நடமாட்டம் மிகுந்த பாதைகளுக்கு மட்டும் மின்னவாங்கா விதியைக் கொண்டுவரலாம். அப்போது ஐந்து நுழைவாயில்களிலும் வாடகை நிலையம் தேவைப்படும். ஒரு வாசலில் எடுத்ததை இன்னொரு வாசலில் திருப்பித்தர வசதி வேண்டும்; பலர் தெற்கில் நுழைந்து மேற்கில் வெளியேறுகிறார்கள். குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கரடிகள் இடைவிடாமல் தின்று திரியும் செப்டம்பர், அக்டோபரில் நிலையங்கள் சீக்கிரம் மூடிவிடாமல், சாலைகள் பனிக்காக அடைக்கப்படும் வரை திறந்திருக்க வேண்டும்.