விளக்கை அணைப்பது திருத்தவேலை ஆகாது

சொந்தக் காணியை விட்டு வந்து குத்தகை நிலத்தில் தோட்டம் செய்யும் குடும்பங்கள் சில, நாலைந்தாகச் சேர்ந்து பழைய யப்பான் லொறி ஒன்றை வாங்கி ஓடுகின்றன. காணி கையில் இல்லாதவர்களுக்கு அந்த லொறிதான் முதுசம். அது ஒரு கிழமை கராஜில் நின்றால் கத்தரி செடியிலேயே முற்றிப்போகும். ஆகவே அதன் முகப்பில் எரியும் சிறு மஞ்சள் விளக்கைப் பற்றி இங்கு எழுதுவது பொருத்தமென எண்ணுகிறோம்.

முந்திய டீசல் இஞ்சின்களில் கணினி இல்லை. நல்ல மெக்கானிக் ஒருவர் சத்தத்தையும் புகையின் நிறத்தையும் கொண்டே குறையைச் சொல்லிவிடுவார். கொமன் ரெயில் முறை வந்தபின், எரிபொருளை எப்போது, எவ்வளவு தெளிப்பதென்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. குறை கண்டால் விளக்கை எரியவிட்டு, ஒரு குறியீட்டையும் பதிந்து வைக்கிறது. பீ 0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு. பீ 0380 என்றால் இஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்கின் மின்சுற்றில் குறை.

எமக்குத் தெரிந்த ஒரு குழுவின் லொறியில், பாரத்துடன் ஏற்றத்தில் ஏறும்போது இந்த விளக்கு எரிந்தது. கராஜில் கருவியைப் பூட்டி விளக்கை அணைத்துக் காசும் வாங்கினார்கள். மூன்றாம் நாள் மீண்டும் எரிந்தது, மீண்டும் அணைத்தார்கள். என்ன குறியீடு வந்ததென்று எவரும் எழுதி வைக்கவில்லை. வெப்பமானியை உதறிவிட்டால் காய்ச்சல் மாறிவிடுமா?

குறியீட்டை அழிக்கும்போது அது மட்டும் போவதில்லை. குறை தோன்றிய நேரத்தில் இஞ்சின் எவ்வளவு சூடாயிருந்தது, எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்ற பதிவும் பல வாகனங்களில் சேர்ந்து அழிந்துவிடுகிறது. அதாவது, சாட்சியையே துரத்திவிடுகிறோம்.

குறியீடு எந்தப் பாகத்தை மாற்றுவதென்று சொல்வதில்லை. எங்கே தேடுவதென்றே சொல்கிறது. மேற்சொன்ன குழுவினர் மூன்றாம் முறை கேட்டு எழுதிய இலக்கம் 0087. அதைக் கண்டதும் விலை கூடிய பம்பை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது டீசல் வடிகட்டி, பிறகு காற்று இழுக்கும் குழாய் மூட்டுகள். அவர்களின் வடிகட்டியில் இருந்தது தண்ணீரும் கசடும். 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று டீசலைக் கலன்களில் சேர்த்து வைத்தவர்களுக்கு இது புதினமல்ல. அந்தத் தண்ணீருடன் தொடர்ந்து ஓடினால் பம்பும் இஞ்செக்ரர்களும் உண்மையாகவே பழுதாகும்.

கராஜ்காரர் எல்லோரையும் நாம் குறை சொல்லவில்லை. பொறுமையாகத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘அழிக்க முன்னர் இலக்கத்தை எழுதித் தாருங்கள்’ என்று கேட்பது உரிமையாளரின் உரிமை. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. திருத்தியபின் அழிக்கலாம், அழிக்கவும் வேண்டும். சிறிது தூரம் ஓடி மறுபடி வாசித்துப் பார்த்தால்தான் வேலை சரியா என்று தெரியும். பாவித்த லொறி வாங்கும்போதும் இதுவே பொருந்தும். விற்பவர் காலையில் குறியீட்டை அழித்துவிட்டு, மாலையில் சுத்தமான முகப்பைக் காட்டலாம். ஆகவே பாரத்துடன் ஓட்டிப் பார்த்து, பின் வாசியுங்கள். (சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் கதை வேறு. உடனே நிறுத்துங்கள்.)

மருந்து தெளிகருவியைப் பொதுவில் வைத்திருக்கும் சங்கங்கள் குறியீடு வாசிக்கும் கருவி ஒன்றையும் ஏன் வைத்திருக்கக் கூடாது? ஒரு எச்சரிக்கை: மலிவான கருவிகள் பல 12 வோல்ற் கார்களுக்கானவை. இரண்டு பற்றரி பூட்டிய 24 வோல்ற் லொறியில் அவற்றைச் செருகினால் கருவி எரிந்துபோகலாம். வாங்க முன்னர் லொறியின் ஆண்டையும் இஞ்சின் இலக்கத்தையும் கடையில் காட்டிக் கேளுங்கள். பங்குகளில் நடக்கும் தொழிற்பயிற்சி வகுப்புகளிலும் இதை இரண்டொரு நாளில் பழக்கலாம். பெண் பிள்ளைகளும் பழகட்டும். குழுவின் கணக்கை எழுதுவது பெரும்பாலும் அவர்கள்தானே. திகதி, ஓடிய கிலோமீற்றர், வந்த குறியீடு, மாற்றிய பாகம், கொடுத்த காசு என்று ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதி லொறிக்குள்ளேயே வையுங்கள். அடுத்தமுறை கராஜுக்குப் போகிறவர், சாவியுடன் அந்தக் கொப்பியையும் நீட்டட்டும்.