எலும்பு மருந்து: தொடங்கினால் போதாது

எலும்புப்புரை நோய்க்கான மருந்துகள் முழங்கால் வலியைத் தீர்ப்பவை அல்ல. பேச்சு வழக்கில் இரண்டையுமே 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லிவிடுவதால் பல குடும்பங்களில் இந்தக் குழப்பம் இருக்கிறது. மூட்டின் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து, குளியலறையில் லேசாக வழுக்கினாலே இடுப்பு முறிவது இன்னொன்று. இரண்டாவது, முறியும்வரை வலிப்பதே இல்லை. அந்த முறிவைத் தடுப்பதுதான் இம்மருந்துகளின் வேலை.

எலும்பைச் சில செல்கள் அரித்துக்கொண்டே இருக்கின்றன. வேறு சில கட்டிக்கொண்டே இருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு மிஞ்சுகிறது. அதை அடக்குபவை பிஸ்பாஸ்போனேட் மருந்துகள். அவற்றில் அலென்ட்ரோனேட் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு கண்ட பெண்களிடம் அது இடுப்பு முறிவையும் புதிய முதுகெலும்பு முறிவையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், 2007-இல் வெளியான ஆய்வில், 3 ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. முதியவர் ஒருவர் இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்தால் அந்த வீடு என்ன பாடுபடும் என்று கண்டவர்களுக்கு இது சாதாரண எண்ணாகத் தெரியாது.

வாராந்தர அலென்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது; காபி, பால்கூட ஆகாது. தவறினால் உணவுக்குழாய் புண்ணாகும், அல்லது மருந்து உடலில் சேராமலே போகும்.

அச்சம் தருவது தொடை எலும்பு முறிவு. பல ஆண்டுகள் அரிப்பை அடக்கினால், விழாமலேகூடத் தொடை எலும்பு குறுக்காக விரிசல் விட்டு முறியலாம். முன்னறிவிப்பாகத் தொடையிலோ இடுப்பின் மடிப்பிலோ வாரக்கணக்கில் வலி இருக்கும். அதை யாரும் வாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தெற்குக் கலிஃபோர்னியாவில் 1,96,129 பெண்களிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டது. வெள்ளையினப் பெண்கள் 10,000 பேர் 3 ஆண்டுகள் மருந்து எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும். இத்தகைய தொடை முறிவு 2 நேரும். ஆசிய வம்சாவளிப் பெண்களிடம் தடுக்கப்படுவது 91, நேர்வது 8. அப்போதும் நன்மையே பல மடங்கு. ஆனால் ஆண்டுக்கணக்கில் மறுபரிசீலனை இன்றி அதே சீட்டைப் புதுப்பிப்பது சரியல்ல என்பதற்கும் இந்த 8-தான் சான்று. மருந்தை நிறுத்தியபின் இந்த ஆபத்து விரைவில் குறைகிறது. பிஸ்பாஸ்போனேட் எலும்பிலேயே படிந்து ஆண்டுகள் தங்குவதால், எலும்பு முறியும் வாய்ப்பு அதிகமில்லாதவர்களுக்கு மாத்திரை 5 ஆண்டு, ஊசி 3 ஆண்டு ஆனதும் இடைவெளி விடலாம்.

இம்மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் அழுகுவது மிக அரிது. எனினும் பல் பிடுங்குவது போன்ற வேலைகளை ஊசிக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

டெனோசுமாபும் அரிப்பை அடக்குவதே; ஆனால் எலும்பில் தங்கும் விஷயத்தில் பிஸ்பாஸ்போனேட்டுக்கு நேர் எதிர். 6 மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும் இந்த ஊசி எலும்பில் தங்குவதில்லை. தவணை தவறிய சில மாதங்களிலேயே அடங்கியிருந்த அரிப்பு முன்னைவிட வேகமாகக் கிளம்புகிறது. சிலருக்கு அடுத்தடுத்துப் பல முதுகெலும்புகள் நொறுங்குகின்றன. வலி இல்லை, செலவு அதிகம் என்று ஒரு மூதாட்டி தானாக விட்டுவிடும் மருந்து இதுதான். நிறுத்தினால் வேறு மருந்துக்கு மாறியாக வேண்டும் என்பதை முதல் ஊசியின் அன்றே சொல்வது மருத்துவரின் கடமை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு, குறிப்பாக டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, ரத்தத்தில் கால்சியம் உயிருக்கே ஆபத்தாகக் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2024-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. மற்றவர்களுக்கும் வைட்டமின் டி குறைவைச் சரிசெய்த பிறகே ஊசி போட வேண்டும்.

எலும்பைக் கட்டும் மருந்துகள் தனி வகை. நாள்தோறும் போட்டுக்கொள்ளும் டெரிபாரடைடு, எலிகளுக்கு எலும்புப் புற்று உண்டாக்கியதால் நெடுநாள் கடும் எச்சரிக்கையோடு விற்கப்பட்டது. மனிதர்களிடம் அப்படிக் காணப்படாததால் 2020-இல் அமெரிக்காவில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. 2019-இல் வந்த ரோமோசோசுமாப், ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களுக்கு ஆகாது. இவ்விரண்டும் குறுகிய காலத்துக்கானவை. முடிந்த கையோடு அரிப்பை அடக்கும் மருந்தைத் தொடங்காவிட்டால், கட்டிய எலும்பு கரைந்துவிடும்.