லட்சம் கிலோமீட்டர் கண்ட ரதம்

சென்னைப் பட்டணத்தில் முதன் முதலாக மோட்டார் காரில் ஏறி ஆபீஸுக்குப் போன மனிதர் அடையாற்றிலிருந்துதான் புறப்பட்டார். பாரி கம்பெனியின் டைரக்டரான ஏ. ஜே. யார்க் என்னும் துரை, 1901-ஆம் வருஷத்தில், அடையாற்றில் இருந்த பென்ஸ் கார்டன்ஸ் பங்களாவிலிருந்து பாரி முனைக்குத் தினந்தோறும் தம் காரில் போய் வந்தார். 1903-ல் ஸிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றை இந்த ஊரிலேயே செய்து காட்டினார். எம்.ஸி.-1 என்ற பதிவு எண், துறைமுகத்தை உருவாக்கிய ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கின் வண்டிக்குக் கிடைத்தது. இந்த மூன்று பெரிய மனிதர்களுக்கும் கிட்டாத பாக்கியம் ஒன்று நமக்குக் கிட்டியிருக்கிறது. பிறர் ஓட்டி அலுத்துக் கைவிட்ட காரை வாங்கும் பாக்கியந்தான் அது! அவர்கள் ஆசைப்பட்டிருந்தாலும் நடந்திராது. பழைய கார் என்ற வஸ்துவே அப்போது பட்டணத்தில் ஏது?

நம்முடைய கார் 2010-ஆம் வருஷத்தில் பிறந்தது. நம்மிடம் வந்து சேர்ந்தபோது மீட்டர் 1,12,000 கிலோமீட்டர் காட்டிற்று. விலையும் 1,12,000 ரூபாய். ஓடிய கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கம்பெனியின் வண்டி என்று சொல்லமாட்டோம். சொன்னால் கம்பெனிக்காரர்கள் பெருமைப்படுவார்களா, வக்கீல் நோட்டீஸ் விடுவார்களா என்பது நிச்சயமில்லை. காலையில் மந்தைவெளியில் புறப்பட்டு, தியாகராய நகரில் சகதர்மிணியை அவள் உத்தியோகம் பார்க்கும் பாங்கு வாசலில் இறக்கிவிட்டு, அங்கிருந்து அடையாறு தாண்டி உள்ள நம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. மாலையில் அதே வழியாகத் திரும்புகிறது. போக வர 26 கிலோமீட்டர்.

"என்ன சார், இன்னுமா இந்த வண்டி? தவணையில் புதுசு ஒன்று எடுத்துவிடக் கூடாதா?" என்று ஆசிரியர் அறையில் நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்கு வாத்தியாரும் கேட்பதுதான் ஆச்சரியம். ஆகவே கணக்கையே பார்த்துவிடலாம். 7 லட்ச ரூபாய் கடனை 9 சதவீத வட்டிக்கு 5 வருஷத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 14,500 ரூபாய் கட்டவேண்டும். ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் 1,70,000 ரூபாய்க்கு மேல் போகிறது. அதாவது, புதுக் காருக்குக் கொடுக்கும் வட்டியில் நம்முடைய காரைப் போல ஒன்று வாங்கி, மிச்சத்தில் அதற்கு நான்கு புது டயரும் ஒரு பாட்டரியும் போட்டுவிடலாம். பெட்ரோல் செலவு இரண்டுக்கும் பொது. வருஷத்தில் 220 வேலை நாள் என்றால் 5,720 கிலோமீட்டர். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் வீதம் 440 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 44,000 ரூபாய்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. தவணை என்பது மாதந்தோறும் முதல் தேதி தவறாமல் வந்து கதவைத் தட்டும் விருந்தாளி. ரிப்பேர் அப்படியல்ல. எட்டு மாதம் எட்டிப் பாராமல் இருந்துவிட்டு, பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டிய ஜூன் மாதத்தில் மூட்டை முடிச்சுடன் வந்து இறங்கும். ஆகவே மாதம் 3,000 ரூபாயைத் தனியாக ஒரு பாங்குக் கணக்கில் போட்டு வருகிறோம். வீட்டில் அதற்கு 'வண்டி உண்டியல்' என்று பெயர். வண்டி சமர்த்தாக ஓடும் மாதங்களிலும் உண்டியலில் காணிக்கை விழுந்தாக வேண்டும். அப்படியும் தவணைத் தொகையோடு ஒப்பிட்டால் வருஷத்தில் 1,38,000 ரூபாய் மிஞ்சுகிறது. நம் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அடுத்த வருஷம் அவள் எந்தக் காலேஜில் சேருவாள் என்பதை நிர்ணயிப்பதில் இந்த மிச்சத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நண்பர்களின் கேள்விக்கு நம் பதில் இதுதான்.

பழைய கார் வாங்க விரும்பும் நேயர்களுக்கு முதலில் சொல்லவேண்டியது, மீட்டரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம் என்பது. மீட்டரைத் திருப்பி வைக்கும் வித்தை தெரிந்த கைகள் நாட்டில் குறைவில்லை. 40,000 என்று காட்டும் வண்டியில் கிளட்ச் மிதியின் ரப்பர் வழுக்கையாகவும், ஸ்டியரிங் சக்கரம் பளபளவென்றும் இருந்தால், மீட்டரை விட்டு மிதியை நம்புங்கள். தவிரவும், எல்லாக் கிலோமீட்டரும் ஒன்றல்ல. திருச்சி ரோட்டில் ஒரே சீராக ஓடிய ஒரு லட்சத்தைவிட, லஸ் முனைக்கும் பனகல் பார்க்குக்கும் நடுவில் நின்று நின்று நகர்ந்த ஐம்பதினாயிரம் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் அதிகக் கொடுமை. நம் மெக்கானிக் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "சார், எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுன்னு கேக்காதீங்க, எத்தனை தடவை ஆயில் மாத்துனாங்கன்னு கேளுங்க." சர்வீஸ் செய்த ரசீதுகளை அடுக்கி வைத்திருக்கும் மனிதரிடம் நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கலாம்.

எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் போய்ப் பாருங்கள். முன்னதாகவே கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். கிளப்பும்போது நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் முழுவதும் எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கலாம். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால், விற்பவர் வீட்டு நிஜக் காப்பியை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு பரீட்சையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ கார்கள் ஸ்நானம் செய்தன. அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு மறுபடியும் விலைக்கு வந்திருக்கலாம். ஸீட் பெல்டைக் கடைசி வரையில் இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக் கறை கோடு போட்டிருந்தால் அதுவே வாக்குமூலம். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், தரை விரிப்பின் அடியிலும் கை விட்டுப் பாருங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறிக் கமழும் காரையும் சந்தேகியுங்கள்.

வண்டியை விடக் காகிதம் முக்கியம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளைக்குள்ளும், வாங்கியவர் 30 நாளைக்குள்ளும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். 29, 30 என்று எண்ணிட்ட படிவங்கள் அதற்குத்தான். 'கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், இனி அவர் பாடு' என்று சாவியை நீட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் சாதுக்கள் நம்மில் அநேகர். கைக்குக் கை மாறிப் பலரிடம் போன ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்ற காருக்காக, முகமறியாத ஒருவன் செய்த விபத்துக்காக, ஒரு குடும்பத்தின் சேமிப்பே போய்விடலாம். விற்பவர்களே, பெயர் மாறிவிட்டது என்பதைக் கண்ணால் கண்ட பிறகு கணக்கை மூடுங்கள். வாங்குபவர்கள் இன்ஷூரன்ஸையும் 14 நாளைக்குள் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள மனுச் செய்யவேண்டும். பதினைந்து வயது நிறைந்த காரை, பரீட்சையில் தேறினால், ஐந்தைந்து வருஷமாகப் பதிவு நீட்டிக்கலாம். நம்முடைய கிழவியும் அந்தப் பரீட்சையில் தேறியவள்தான். நாம் திருத்தும் விடைத்தாள்களுக்குரியவர்கள் எல்லோரும் அப்படித் தேறினால் நன்றாயிருக்கும்!

இனிப் பராமரிப்பு. புதுக் கார் வாங்கியவர்கள் பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரரிடம் கொண்டு போய் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றுவது வழக்கம். பழைய காருக்கு முனீஸ்வரர் அருளோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். என்றைக்கு எதை மாற்றினோம், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு செலவு என்று அதில் எழுதி வையுங்கள். ஆயிலைத் தூரத்தைக் கொண்டு மட்டும் கணக்கிடாமல் வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். ரேடியேட்டரில் சென்னைப் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அதே உப்புத்தான் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். கூலண்ட் என்று விற்பதையே ஊற்றுங்கள். வெப்ப முள் ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள். 'இன்னும் அரைக் கிலோமீட்டர்தானே' என்ற ஆசை எஞ்சினையே உருக்கிவிடும். கடற்கரை ஓரத்தில் குடியிருப்பவர்கள் மாதம் ஒரு முறை வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் துருவுக்குக் கொஞ்சம் தாமதமாகும். எலிகள் ஒயரைக் கடிப்பதற்குப் புகையிலை, அந்துருண்டை என்று பலர் பல வைத்தியம் சொல்கிறார்கள். நம் அநுபவத்தில், வண்டியை நாலு நாள் சேர்ந்தாற்போல் நிறுத்தி வைக்காமல் இருப்பதே சிறந்த வைத்தியம்.

பெட்ரோலிலும் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. 2023 முதல் 20 சதவீதம் எதனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. எதனாலில் லிட்டருக்கு உள்ள எரிசக்தி, பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கே. எனவே சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஆறேழு சதவீதம் மைலேஜ் குறைவது கணக்குப்படி சரிதான். அதற்காக மெக்கானிக்கைக் கோபிக்க வேண்டாம். ஆனால் பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் இந்தக் கலவையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவையல்ல. சர்வீஸ் செய்யும்போதெல்லாம் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை அடித்தால் அன்றைக்குப் பஸ்ஸில் போங்கள்.

உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. கதவுக் கண்ணாடி, கைப்பிடி, விளக்கு மூடி, இருக்கை முதலியவற்றை அங்கே பழையதாக வாங்குவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம் பிறந்த டயர். பூ தேயாமல் இருந்தாலும் வயதேறிய ரப்பர் மழை ரோட்டில் பிடிக்காது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுள்ளது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஓட்டுபவருக்குக் காற்றுப் பையும், சக்கரம் வழுக்காமல் காக்கும் பிரேக்கும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2019-ல்தான். நம்முடைய காரில் இரண்டும் இல்லை. குறைந்த விலையில் இதுவும் அடக்கம். ஆகவே பின் ஸீட்டிலும் பெல்ட் போட்டுக்கொள்ளாமல் வண்டி நகராது என்பது நம் வீட்டுச் சட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதை வேகமாக ஓட்டும் ஆசையையும் விட்டுவிட்டோம். அது மந்தைவெளிக்கும் அடையாற்றுக்கும் நடுவில் ஓடுவதற்கு ஏற்பட்ட வண்டி.

மழைக் காலம் வந்தால் பழைய கார்க்காரருக்கும் புதுக் கார்க்காரருக்கும் வித்தியாசம் இல்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் இரு பக்கமும் அணிவகுத்து நின்ற காட்சியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, நாம் சிரிக்கவில்லை. எஞ்சின் காற்றை இழுக்கும் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால், அதைக் காற்றைப் போல் அமுக்க முடியாது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டுதான் வளையும். தண்ணீரில் நின்றுபோன காரை எக்காரணத்தைக் கொண்டும் மறுபடி கிளப்பாதீர்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புங்கள்.

எப்போது பிரியவேண்டும்? ஒரு ரிப்பேரின் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். துரு, கதவையும் தட்டையும் கடந்து, வண்டியைத் தாங்கும் சட்டத்துக்குள் புகுந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். அதுவரையில் கௌரவம் என்ற பூதத்துக்குப் பயப்பட அவசியமில்லை. சகதர்மிணியோ, 2021 முதல் சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதை அவ்வப்போது ஞாபகப்படுத்துகிறாள். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மயிலாப்பூரில் காரை எடுக்க முடியாதபோது, அவள் பஸ்ஸில் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்தும் விடுகிறாள். கார் நமக்குத் தேவைக்கு ஏற்பட்ட சாதனமே தவிர, அந்தஸ்துக்கு ஏற்பட்ட விருதல்ல. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால், எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியானாலும் தலை நிமிர்ந்து ஓட்டலாம்.