கோட்டையும் நிக்கணும், குடித்தனமும் நடக்கணும்: 100 மீட்டர் சட்டத்தால் மாடி கட்ட முடியாமல் தவிப்பு

ஆலங்காயம்:

2019-ல் திருப்பத்தூர் மாவட்டம் உதயமாகும் வரை ஆலங்காயம் மக்களுக்கு கலெக்டர் ஆபீஸ் வேலூர்தான். மாவட்டம் பிரிந்தாலும் உறவு பிரியவில்லை. வேலூர் கோட்டைப் பக்கம் பெண் கொடுத்தவர்களுக்கு இந்தப் புலம்பல் பழக்கமானதுதான்: சொந்த இடம் இருக்கு, ஆனா மாடி எடுக்க முடியலையே!

காரணம், மத்திய அரசின் தொல்லியல் சின்னங்கள் சட்டம். 16-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது வேலூர் கோட்டை. 1806 சிப்பாய் புரட்சி வெடித்த இடம். இதுபோன்ற பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டிடத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 1992-ல் அரசாணையாக வந்த இந்தக் கட்டுப்பாடு, 2010-ல் சட்டத்திலேயே ஏறி இறுகிவிட்டது. மீறினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், இரண்டும் கூட விழலாம்.

இடிந்தால் போச்சு!

100 மீட்டருக்குள் பழைய வீட்டை ரிப்பேர் பார்க்கலாம், அதுவும் அனுமதியோடு. மாடி எடுப்பது ரிப்பேர் ஆகாது. இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவதும் ரிப்பேர் ஆகாது. ஓட்டு வீடு மழையில் சரிந்தால் அதோடு சரி. மூணு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவருக்குத்தான் இடம். மற்ற இருவரும் மனை இருந்தும் வாடகை வீடு தேடிப் போக வேண்டியதுதான்.

அதற்காக சட்டமே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இந்தத் தடை இல்லாவிட்டால் அகழிக் கரையை ஒட்டி வணிக வளாகங்கள் எப்போதோ எழும்பியிருக்கும். கோட்டை மதிலைப் பார்க்க லாட்ஜ் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும்!

கோளாறு அளவுகோலில் இருக்கிறது. அகழியோடு பரந்து கிடக்கும் கோட்டைக்கும் 100 மீட்டர், ஒத்தை மண்டபத்துக்கும் அதே 100 மீட்டர். நாளைக்கே ஜவ்வாது மலை அடிவாரத்து நடுகல் ஒன்றை மத்திய தொல்லியல் துறை எடுத்துக்கொண்டால், சுற்றியுள்ள வீடுகளுக்கும் இதே கதிதான். அப்புறம் நிலத்தில் பழைய கல் கிடைத்தால் யார் வெளியே சொல்வார்கள்?

இந்த விதியால் கிராமங்களே முடங்குவதை 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் சுட்டிக்காட்டியது. ஆனால் 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறிய திருத்த மசோதா, மத்திய அரசின் பொதுப்பணிகளுக்குத்தான் விலக்கு கேட்டது. மாநிலங்களவையில் அது தேர்வுக் குழுவுக்குப் போனது. மேம்பாலத்துக்கு யோசித்தவர்கள் சாமானியன் வீட்டுக்கு யோசிக்கவில்லை.

பழைய குடியிருப்புக்காரருக்கு, மதில் உயரத்தைத் தாண்டாமல் ஒரே ஒரு மாடிக்கு வழிவிட்டால் கோட்டைக்கு என்ன குறைந்துவிடும்? வணிக வளாகத்துக்கு அந்தச் சலுகை கூடாது. அடுக்குமாடி வேண்டுமானால் நெடுஞ்சாலை ஓரம் இடமா இல்லை? சின்னத்துக்குச் சின்னம் தனி துணை விதி வகுக்க 2010 திருத்தமே சொல்கிறது. ஆனால் 100 மீட்டர் தடையைத் தளர்த்த நாடாளுமன்றம்தான் மனசு வைக்க வேண்டும்.

அதுவரை ரிப்பேருக்கு மனு போடுவோர் கவனத்துக்கு: 1992 ஜூன் 16-க்கு முன்பே வீடு இருந்ததைக் காட்ட வேண்டும். தாத்தா காலத்து வீட்டு வரி ரசீது பரண் மேல் கிடந்தால் முதலில் அதை எடுத்து பத்திரப்படுத்துங்க.