மெல்லசைவின் மேன்மை

தேகப்பயிற்சி என்றவுடன் வியர்வை வழிய ஓடுதலும், பளுத் தூக்குதலும், பந்தாடுதலுமே நம் நினைவிற்கு வருகின்றன. விரைவில்லாத இடத்து வலிமையும் இல்லையென்று எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் பிழையென்பதைச் சீனரது ‘தாய்ச்சி’ என்னும் பயிற்சி நமக்கு உணர்த்துகின்றது.

இப்பயிற்சி ஹெனான் மாகாணத்துச் சென் குலத்தாரின் கிராமத்தில் 17-ஆம் நூற்றாண்டிலே போர்க்கலையாகத் தோன்றியது என்பர். 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பார் இதனைப் பீகிங் நகரிற் கற்பித்தார். பொதுமக்கள் எளிதிற் பயிலுமாறு சீன அரசாங்கத்தார் 1956-ஆம் ஆண்டில் இதனை 24 நிலைகளாகச் சுருக்கினர்.

முழங்காலைச் சற்றே மடித்து, முதுகை நிமிர்த்தி, உடற்பாரத்தை ஒரு காலினின்று மறுகாலுக்கு மெல்ல மாற்றுவதே இதன் சாரம். மூச்சு சீராக ஓட, மனம் ஒவ்வோர் அசைவையும் தொடர்கின்றது. ஒற்றைக்காலிற் பாரம் நிற்குந்தோறும் தொடையும் கணுக்காலும் உழைக்கின்றன. தடுமாறாது நிற்கும் ஆற்றல் வளர்கின்றது. வயோதிகர் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிவாராயின், அதன்பின் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ நேர்தலை நம் இல்லங்களிலேயே கண்டிருக்கின்றோம். ஆதலின் இவ்வாற்றல் அற்பமானதன்று.

இது வெறும் புகழுரையன்று. பார்க்கின்சன் நோயுற்ற 195 பேரைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 24 வாரம் தாய்ச்சி பயின்றோர், தசைவலிமைப் பயிற்சியோ உடல் நீட்டும் பயிற்சியோ செய்தோரினும் நிலைதடுமாறாமையிற் சிறந்து விளங்கினர். 2016-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், முழங்கால் மூட்டுத் தேய்வுற்ற 204 பேருள் தாய்ச்சி பயின்றோரும் இயன்முறைச் சிகிச்சை பெற்றோரும் 12 வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு நோவு தணியப் பெற்றனர்.

அங்ஙனமாயின் இரண்டும் ஒன்றுதானே, புதியதை ஏன் நாடவேண்டும் என வினவலாம். மருத்துவர் தரும் சிகிச்சை குறித்த நாளில் முடிந்துவிடும்; பயின்ற பழக்கமோ வீட்டிற்கு உடன்வரும். இதற்குக் கருவி வேண்டுவதில்லை. பலர் ஒருங்கே கூடிச் செய்யலாம். எளியோர்க்கு இவை பெருநன்மைகளல்லவா?

ஆயினும், ‘சீ’ என்னும் உயிராற்றல் உடலெங்கும் பாய்ந்து சகல பிணிகளையும் போக்கும் என்பாருடன் நாம் உடன்படுகிலோம். சோதனையிற் கண்ட பயன் வேறு, ஆர்வத்தாற் கூறும் பயன் வேறு. தாய்ச்சி மருந்துக்கு மாற்றன்று. எலும்பு முறிந்தாரும் பக்கவாதமுற்றாரும் தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பின்றி இதனைத் தொடங்குதல் தகாது. அது போலவே, அயல்நாட்டுப் பழம்பழக்கமென்று ஆராயாது இகழ்தலும் கல்வி கற்றார்க்கு அழகன்று. இயன்முறை மருத்துவம் பயில்வோர் இதனையும் முறையாகக் கற்று, தக்க நோயாளர்க்கு அளித்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

மாணவ நண்பர்களே! மெல்ல நடக்கும் முதியோரைக் கண்டு நகையாதீர்கள். பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர்; பதறாத உடலும் எளிதிற் சாயாது.