முடி நட்டாச்சு, அப்புறம்?

"மயிருக்குப் போயி இவ்ளோ அலட்டலா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அவருக்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க மக்கா.

சித்தி மகன், அறந்தாங்கிக்காரன், சிங்கப்பூர்ல வேலை. "மாப்பிள்ளைக்கு வயசு கூட போல"ன்னு ரெண்டு சம்பந்தம் தட்டிப்போச்சு. ஜனவரி லீவுல வந்தவன் திருச்சியில ஒரு கிளினிக்கில் ரெண்டாயிரம் சொச்சம் முடி நட்டுக்கிட்டான். காசு வாங்குற வரைக்கும் தினம் மூணு போன். முடிஞ்சதும் கையில இங்கிலீஷ்ல ஒரு ஜெராக்ஸ் தாள், "நாளைக்கே வேலைக்குப் போகலாம் சார்"னு ஒரு சிரிப்பு. அவ்ளோதான்.

மூணாம் நாள் நெத்தி வீங்கி கண்ணு இடுங்கிப் போச்சு. அப்பத்தா பதறிப்போயி மஞ்சளை எண்ணெயில குழைச்சுக்கிட்டு வந்துட்டாக. அந்த வீக்கம் பெரும்பாலும் தலையில ஊசி வழியா ஏத்தின திரவம் கீழே இறங்குறதுதான். தலையை உயர்த்திப் படுத்தா சில நாள்ல வடிஞ்சிடும். இதைச் சொல்ல ஒரு நாதி இல்லை. இவன் வேற, தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்குப் போகணும்னு அடம். அந்தப் புழுதியில, புண்ணுத் தலையோட!

அஞ்சாம் நாள் பின்மண்டையில, முடி எடுத்த இடத்துல, சீழ். கூடவே காய்ச்சல். கிளினிக்குக்குப் போன் போட்டா "அப்படித்தான் சார் இருக்கும்". பேசினது ரிசப்ஷன் பொண்ணு, அதைக் குத்தம் சொல்லி என்ன செய்ய. கடைசியில புதுக்கோட்டை தோல் டாக்டர் ஒருத்தர்தான் சுத்தம் பண்ணி, ஆன்டிபயாடிக் கொடுத்துக் காப்பாத்தினார்.

நாத்து நட்டுட்டு வயல் பக்கமே எட்டிப் பாக்காத சம்சாரி நம்ம ஜில்லாவுல உண்டா? நட்ட முடி நல்லா ஊன்ற ஒன்பது பத்து நாள் ஆகும். அதுவரை சொறியக்கூடாது, ஹெல்மெட் உரசக்கூடாது, பொருக்கைப் பிய்க்கக்கூடாது, சிகரெட் கூடவே கூடாது. தலையில ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டிக் காயம் இருக்குங்க. அதுக்குப் பேரு பியூட்டி பார்லர் சமாச்சாரமா?

அப்படி நினைச்சதோட விலை தெரியும்ல? 2016 மே மாசம், சென்னை மருத்துவக் கல்லூரி கடைசி வருஷ மாணவர் ஒருத்தர், நுங்கம்பாக்கத்துல முடி நட்டுக்கப் போயி ரெண்டே நாள்ல செத்துப்போனார். சலூன் லைசென்ஸ்ல நடந்த இடம்னு செய்தி வந்துச்சு, அப்புறம் சீல் வச்சாங்க. அது ஆபரேஷன் நேரத்துல வந்த சிக்கல், எங்க கதை வேற, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டுலயும் அலட்சியம் ஒண்ணுதான். 2022-ல தேசிய மருத்துவ ஆணையம், யூட்யூபும் பட்டறையும் பாத்துட்டு இதைச் செய்யாதீங்க, முறையான பயிற்சி வேணும்னு சொல்ல வேண்டி வந்துச்சுன்னா பாத்துக்கங்க.

"ஆசைப்பட்டான், அனுபவிக்கிறான்"னு சொல்றவங்களுக்கு: வழுக்கைன்னு பொண்ணு தராம விட்டது யாரு? நாமதானே?

தம்பி சிங்கப்பூர் போயி ஒரு மாசம் கழிச்சு நடுராத்திரியில போன். நட்டதெல்லாம் கொட்டுதுண்ணேன்னு அழுகை. அது இயல்புடா, வேர் உள்ள இருக்கும், மூணு நாலு மாசத்துல முளைக்க ஆரம்பிக்கும், முழுசாத் தெரிய ஒரு வருஷம் ஆகும்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான், "அத ஏண்ணே அவங்க சொல்லல?"