காருக்கு வால்வு ஆம்ப்ளிபயர் தேவையா?

காருக்கு ஆடியோ சிஸ்டம் வாங்க என்னிடம் யோசனை கேட்பவர்களில் சிலர், கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்கிறார்கள். "வால்வு ஆம்ப்ளிபயரில் பாட்டு இதமாக இருக்குமாமே, அதையே போட்டுவிடலாமா?" டியூப் என்று விளம்பரங்களில் வருவதும், நம் பழைய ரேடியோக்களில் இருந்த வால்வும் ஒன்றுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்துக் கேட்க வால்வு ஆம்ப்ளிபயர் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். காருக்கு வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

வால்வைக் கைவிட்ட கார்

1930களில் வந்த கார் ரேடியோக்கள் எல்லாமே வால்வில் இயங்கியவைதான். ஆனால் வால்வு வேலை செய்ய நூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்தக் காலக் கார் பேட்டரியோ 6 வோல்ட். எனவே வைப்ரேட்டர் என்ற சிறு கருவி, பேட்டரியின் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும். அதை டிரான்ஸ்பார்மர் மூலம் உயர்த்திக்கொண்டார்கள். வைப்ரேட்டர் ரீங்காரமிடும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். 1955ல் பில்கோவும் கிரைஸ்லரும் இணைந்து முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவை அறிவித்தன. 1956 மாடல் இம்பீரியல் கார்களில் அதற்குத் தனியாக 150 டாலர் கட்ட வேண்டியிருந்தது. விலை அதிகம்தான். ஆனாலும் 12 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் டிரான்சிஸ்டர் காருக்கென்றே பிறந்தது போல இருந்ததால், சில ஆண்டுகளிலேயே வால்வு காரை விட்டு இறங்கிவிட்டது.

பிறகு ஏன் திரும்பி வந்தது? பழமை மீதான ஆசைதான் காரணம் என்பது என் கருத்து. அமெரிக்காவின் மில்பர்ட் நிறுவனம் காருக்கான வால்வு ஆம்ப்ளிபயரைக் கொண்டுவந்தது. 2000க்குப் பிறகு பானாசோனிக், முகப்பில் வால்வு தெரியும் ஒரு ஹெட் யூனிட்டை விற்றது. கம்ப்யூட்டரையும் இந்த ஆசை விடவில்லை. 2002ல் ஏஓபன் நிறுவனம், பென்டியம் 4க்கான ஏஎக்ஸ்4பி-533 டியூப் என்ற மதர்போர்டில், ஆடியோவுக்காக ஒரு வால்வைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது.

இதமான ஒலியின் காரணம்

அந்த இதம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. அதற்கு அளந்து பார்க்கக்கூடிய இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஹார்மானிக் டிஸ்டார்ஷன். 200 ஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே அனுப்பினால், வால்வு ஆம்ப்ளிபயர் அதோடு கொஞ்சம் 400 ஹெர்ட்ஸையும் சேர்த்து வெளியே அனுப்பும். அது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. அதனால் காதை உறுத்தாது. ஒலி சற்றுக் கனமாகக் கேட்கும்.

இரண்டாவது, அவுட்புட் இம்பீடன்ஸ். ஸ்பீக்கரில் 4 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும், பாஸ் பகுதியில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் அது 20 ஓம் வரை கூட ஏறும். ஆம்ப்ளிபயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வால்வுகளில் இது சாதாரணம். அப்போது 20 ஓம் உள்ள இடத்தில் ஒலி, மற்ற இடங்களைவிட 2.7 டெசிபல் கூடும். டிரான்சிஸ்டரில் அவுட்புட் இம்பீடன்ஸ் 0.04 ஓம் போலத்தான் இருக்கும். வித்தியாசம் 0.1 டெசிபல் கூட வராது. அதாவது, வால்வு ஆம்ப்ளிபயர் உங்களைக் கேட்காமலே ஈக்வலைசரைத் திருப்பி வைக்கிறது. அதே திருப்பத்தை நீங்களே செய்துகொள்ளலாமே?

இது என் ஊகம் மட்டுமல்ல. 1985ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரை விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் போலவே ஒலிக்க வைப்பதாக ஸ்டீரியோபைல் இதழிடம் சவால் விட்டார். அவர் மாற்றங்கள் செய்து முடித்த பிறகு, அந்த இதழின் ஆசிரியர்களால் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல முடியவில்லை. கார் ஆடியோ துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் கிளார்க், 10,000 டாலர் பரிசையே அறிவித்தார். இரண்டு ஆம்ப்ளிபயர்களின் ஒலி அளவைச் சமமாக்கி, ஒலியில் வேறுபாடு இருந்தால் ஈக்வலைசரால் சரிசெய்து, எது பாடுகிறது என்று காட்டாமல் கேட்க வைப்பார். 24 முறையும் சரியாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் நடந்த இந்தப் போட்டியில் பரிசை யாரும் வாங்கவில்லை.

காருக்குள் என்ன நடக்கிறது?

நெடுஞ்சாலையில் ஓடும் காருக்குள் சுமார் 70 டெசிபல் இரைச்சல் இருக்கும். நீங்கள் 85 டெசிபலில் பாட்டுக் கேட்கிறீர்கள் என்றால், 1 சதவீத டிஸ்டார்ஷன் அதைவிட 40 டெசிபல் குறைவாக, 45 டெசிபலில் இருக்கும். இரைச்சலின் பெரும்பகுதி பாஸ் பக்கம் இருப்பது உண்மைதான். ஆனாலும் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய அந்த இதத்தில் பெரும்பங்கு டயர் சத்தத்திலும் காற்றிலும் கரைந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். இஎல்34 என்ற பிரபலமான வால்வின் ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் தேவை. ஸ்டீரியோவுக்கு நான்கு வால்வுகள் என்றால் சுமார் 38 வாட்ஸ். ஒரு பாட்டும் பாடாமலே பேட்டரியிலிருந்து 3 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும். மேலும் 12 வோல்ட்டை 300, 400 வோல்ட்டாக உயர்த்த ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அந்தக் கன்வெர்ட்டர் எதனால் ஆனது? டிரான்சிஸ்டரால்தான்!

குண்டு குழியில் கார் குலுங்கினால் வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளும் அதிரும். அந்த அதிர்வும் ஸ்பீக்கரில் சத்தமாக வரலாம். நம் ஊர் வெயிலில் நிறுத்தி வைத்த காரின் டிக்கிக்குள், ஏற்கெனவே கொதிக்கும் ஒரு பொருளை வைப்பதையும் யோசித்துப் பாருங்கள்.

வால்வு ரசிகர்களிடம் ஒரு நல்ல வாதம் உண்டு. சக்திக்கு மீறி ஓட்டும்போது டிரான்சிஸ்டர் ஒலியை வெட்டினாற்போல் கரகரப்பாக்கும். வால்வு மெதுவாக அமுக்கும். காரில் எல்லோரும் வால்யூமை ஏற்றித்தான் கேட்கிறோம். எனவே இது நியாயமான பேச்சு. ஆனால் இதற்கு மருந்து கூடுதல் வாட்ஸ். 30 வாட்ஸ் வால்வுக்குப் பதில் 100 வாட்ஸ் டிரான்சிஸ்டர் போட்டால் 5 டெசிபல் இடைவெளி கிடைக்கும். வெட்டும் நிலையே பெரும்பாலும் வராது. விலையும் குறைவு.

ஹைபிரிட் என்று விற்கப்படும் மலிவு விலை ஆம்ப்ளிபயர்களில் இன்னும் கவனம் தேவை. இவற்றில் முன்பகுதியில் மட்டும் ஒரு சிறு வால்வு இருக்கும். ஸ்பீக்கரை ஓட்டுவது டிரான்சிஸ்டர்தான். சிலவற்றில், வால்வு ஜொலிப்பது போலத் தெரிய அடியில் எல்.இ.டி. விளக்கு வைத்திருப்பார்கள். அழகுக்காக வாங்கினால் சரி. ஒலிக்காக என்றால் ஏமாற்றம்தான்.

பணத்தை எங்கே போடலாம்?

முதலில் முன்பக்க ஸ்பீக்கர்களில். அடுத்து, கதவின் உள்தகடு அதிராமல் இருக்க டேம்பிங் ஷீட் ஒட்டுவதில். மூன்றாவதாக, நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில். இன்றைய கிளாஸ் டி வகைகள் கையடக்கமானவை. அதிகம் சூடாவதும் இல்லை. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட மேக்ஸ் வாட்ஸை நம்பாதீர்கள். தனி ஆம்ப்ளிபயர் இல்லாத ஹெட் யூனிட், 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடிய உச்சம், கணக்குப்படி சுமார் 26 வாட்ஸ்தான். 50x4 என்று போட்டிருந்தாலும் இதே நிலைதான். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். 2003ல் வந்த சிஇஏ-2006 அளவீட்டு முறையில் சோதித்தது என்று குறிப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது.

என் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம். இலவச ஆடாசிட்டி புரோகிராமில் ஒரு பாட்டைத் திறந்து, டிஸ்டார்ஷன் எஃபெக்டில் ஈவன் ஹார்மானிக்ஸைத் தேர்ந்தெடுத்துக் கொஞ்சமாகச் சேருங்கள். ஒலி அளவைச் சமமாக்கி வேறு பெயரில் சேமியுங்கள். பிறகு ஃபூபார்2000 பிளேயரின் ஏபிஎக்ஸ் வசதியில் இரண்டு பைல்களையும் 16 முறை ஒப்பிடுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் உங்கள் காது உண்மையிலேயே பிரித்தறிகிறது எனலாம். வெறும் ஊகத்தில் அப்படி வருவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அறையின் அமைதியில் செய்து பார்த்த பின், மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு மறுபடியும் செய்யுங்கள். அதற்குப் பிறகும் வால்வு வேண்டும் என்று தோன்றினால், தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதை வரவேற்பறையில் வையுங்கள்.